தோற்றவரும் ஒப்பும் தீர்ப்பு

போட்டி என்று ஒன்று இருக்குமானால் அதில் வெற்றியும் தோல்வியும் இருந்தே தீரும். ஓட்டப் பந்தயத்தில் எண்மர் ஓடினால் ஒருவரே முதலில் வருவர். மற்ற எழுவரும் தோற்பர். தேர்தலிலும் அவ்வாறே. வென்றவர் மகிழ்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தோற்ற எழுவரும் வென்றவரின் கையைப் பற்றி வாழ்த்திவிட்டு, அடுத்த ஆண்டும் அதே பந்தயத்துக்கு வந்து நிற்கிறார்களே, அதுவே வியக்கத்தக்கது. அவர்களை மீண்டும் அழைத்து வருவது எது? பரிசு அன்று, பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. "முறை தவறவில்லை, நம்மைவிட அவர் விரைந்து ஓடினார்" என்ற மனநிறைவே அவர்களை அழைத்து வருகிறது.

ஆகவே, ஒரு போட்டி நேர்மையாக நடந்ததா என்று அறிய விரும்புவோர் வென்றவரைக் கேட்பதால் பயனில்லை. தோற்றவரைக் கேட்டல் வேண்டும். தோல்வி எவரையும் ஓர் அமைப்பிலிருந்து பிரித்துவிடுவதில்லை, அநீதியே பிரிக்கிறது. விளையாட்டுக் களத்திலும் அரசியல் அரங்கிலும் நிகழ்ந்த சில வரலாறுகளைக்கொண்டு இவ்வுண்மையை ஆராய்ந்து, அது நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசலிலேயே தடை

அநீதி பல உருவங்களில் வரும். அவற்றுள் முதலாவது, போட்டியில் யார் கலந்துகொள்ளலாம் என்று வகுக்கும்போதே சிலரை வெளியே நிறுத்திவிடுவது.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையில் ஹென்லி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் படகுப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. அப்போட்டியை நடத்துவோர் 1879-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தனர். பொழுதுபோக்காகப் படகு வலிப்போர் மட்டுமே அதில் சேரலாம் என்பது விதியின் கருத்து. பொருளுக்காகப் பந்தயம் ஆடுவோரை விலக்கியதோடு அவர்கள் நின்றார்களில்லை. கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி ஆகியோரும் தகுதியற்றவர் என்று எழுதி வைத்தனர். தறியில் அமர்ந்து கூலி பெறுபவரும், ஏர் பிடித்துக் கூலி பெறுபவரும் ஒரு காசும் வாங்காமல் படகு வலித்தாலும் அவ்விதிப்படி வாசலிலேயே தடுக்கப்படுவர். உழைப்பால் உடல் உரம் பெற்றவர் கனவான்களோடு போட்டியிடுவது நியாயமன்று என்பது அவர்கள் கூறிய காரணம்.

அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஜான் கெல்லி என்பவர் கொத்து வேலை செய்தவர்; தலைசிறந்த படகோட்டி. 1920-ஆம் ஆண்டில் ஹென்லிப் போட்டிக்கு அவர் அனுப்பிய மனு நிராகரிக்கப்பட்டது. அவர் சேர்ந்திருந்த கழகத்தின்மீதும் பழைய தடை ஒன்று இருந்தது உண்மையே. ஆயினும் கைத்தொழில் செய்தவர் என்பதற்காகவே தள்ளப்பட்டார் என்று உலகம் பேசிற்று. அதே ஆண்டில் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் தனிப்படகுப் பந்தயத்தின் இறுதியில் பிரிட்டனின் வீரரை முந்தி அவர் தங்கப் பதக்கம் பெற்றார். ஹென்லியின் அந்த விதி 1930-களின் பிற்பகுதியில்தான் நீக்கப்பட்டது. பின்னர் 1947-ஆம் ஆண்டில் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் வெற்றி வாகை சூடினார்.

ஒருவருக்கு மட்டும் விதி

இரண்டாவது உருவம் இன்னும் நுட்பமானது. விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அது பாயும்போது ஒருவர்மீது மட்டுமே பாயும். ஜிம் தார்ப் என்பவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தார்ப் அமெரிக்கப் பழங்குடியினர். ஸாக்-ஃபாக்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் அந்நாட்டின் குடியுரிமை 1924-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில், அந்நாட்டின் சார்பில் அவர் களம் இறங்கினார். ஓட்டம், தாண்டல், எறிதல் முதலிய பலவற்றையும் ஒருவரே செய்துகாட்ட வேண்டிய ஐந்து அங்கப் போட்டி, பத்து அங்கப் போட்டி ஆகிய இரண்டிலும் அவரே முதல்வர். ஐந்து அங்கங்களில் நான்கில் அவர் முதலிடம் பெற்றார். பத்து அங்கப் போட்டியில் 8,412 புள்ளிகள் பெற்று, இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டரை ஏறத்தாழ 700 புள்ளிகளால் பின்தள்ளினார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் செய்தித்தாள் ஒன்று ஒரு செய்தியை வெளியிட்டது. 1909, 1910-ஆம் ஆண்டுகளில் கோடைக்காலத்தில் வட கரோலினா மாநிலத்தின் சிறிய பேஸ்பால் குழு ஒன்றில் தார்ப் சொற்பத் தொகை பெற்றுக்கொண்டு ஆடினார் என்பதே அச்செய்தி. பணம் பெற்று ஆடியவர் ஒலிம்பிக்கில் சேரலாகாது என்பது அக்கால விதி. அக்காலத்துக் கல்லூரி மாணவர் பலரும் அவ்வாறு ஆடியதுண்டு. ஆனால் அவர்கள் மாற்றுப் பெயர்களில் மறைந்து ஆடினர். தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். மறைத்தவர் தப்பினர், மறைக்காதவர் அகப்பட்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. வெற்றிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் அழிக்கப்பட்டது.

தார்ப் விதியை மீறினார் என்பது மெய்யே. ஆனால் தண்டித்தவர்களும் தங்கள் விதியை மீறினர். போட்டியாளரின் தகுதி குறித்து ஆட்சேபம் கூறுவதானால், போட்டி முடிந்த 30 நாட்களுக்குள் கூறவேண்டும் என்று அப்போட்டியின் விதிகளிலேயே கண்டிருந்தது. ஆட்சேபம் எழுந்ததோ அரை ஆண்டு கழிந்த பின்னர். வீரருக்கு எதிரான விதி எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது. வீரரைக் காக்கும் விதியை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்காக வாதாட வேண்டிய அவர் நாட்டு விளையாட்டுச் சங்கமே அவரைக் கைவிட்டது.

1953-ஆம் ஆண்டில் தார்ப் காலமானார். 1982-இல்தான் அனைத்துலக ஒலிம்பிக் குழு மனம் இரங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருடைய மக்களிடம் பதக்கங்களின் மறுபடிவங்கள் அளிக்கப்பட்டன. அப்போதும் அவரை "இணை வெற்றியாளர்" என்றே குறித்தனர். 2022 ஜூலை 15 அன்றுதான், அதாவது 110 ஆண்டுகள் கழித்து, இரு போட்டிகளிலும் அவரே தனி வெற்றியாளர் என்று அறிவித்தனர்.

இவ்வறிவிப்புக்குத் துணை நின்றோர் யார் என்பது கவனிக்கத்தக்கது. பறிக்கப்பட்ட தங்கம் யாருக்குச் சேர்ந்ததோ அந்த வீஸ்லாண்டரின் குடும்பத்தாரும், சுவீடனின் ஒலிம்பிக் குழுவினரும் துணை நின்றனர். தமக்கு ஒதுக்கப்பட்ட தங்கத்தை வீஸ்லாண்டர் ஒருபோதும் தம்முடையது என்று ஏற்கவில்லை என்றும், தார்ப்பே உண்மையான வெற்றியாளர் என்று இறுதிவரை கருதினார் என்றும் அவர்கள் தெரிவித்தனர். களத்தில் தோற்றவர் தீர்ப்பை ஒப்புக்கொண்டிருந்தார். களத்துக்கு வெளியே மேசை முன் அமர்ந்திருந்தவர்களே அதைக் கலைத்தனர்.

நடுவர் சாய்ந்தால்

மூன்றாவது உருவம் எல்லோரும் அறிந்தது, நடுவரின் பாரபட்சம். 1988-ஆம் ஆண்டில் தென்கொரியாவின் தலைநகரான சியோலில் ஒலிம்பிக் நடந்தது. குத்துச்சண்டையின் ஒரு பிரிவில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞரும், போட்டியை நடத்திய நாட்டைச் சேர்ந்த பார்க் சி-ஹுன் என்பவரும் இறுதிச் சுற்றில் மோதினர். தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று எண்ணிய கணக்கின்படி ஜோன்ஸின் குத்துகளில் 86 இலக்கில் விழுந்தன. பார்க்கின் குத்துகளில் 32. ஆனால் ஐந்து நடுவர்களில் மூவர் பார்க் வென்றார் என்றனர். இருவரே ஜோன்ஸ் பக்கம் நின்றனர். வேடிக்கை என்னவெனில், அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கு உரிய கோப்பை தோற்றவராக அறிவிக்கப்பட்ட ஜோன்ஸுக்கே வழங்கப்பட்டது! பின்னர் நடந்த விசாரணை கைக்கூலிக்குச் சான்று இல்லை என்று 1997-இல் முடிந்தது, தீர்ப்பு மாற்றப்படவில்லை.

இதனால் வென்றவராவது மகிழ்ந்தாரா? இல்லை. அந்தத் தங்கம் தமக்குப் பெருஞ்சுமையாகி மனச்சோர்வைத் தந்ததாகப் பார்க் பின்னாளில் கூறினார். 2023-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று, ஜோன்ஸைக் கண்டு, அப்பதக்கத்தை அவரிடமே கொடுத்துவிட்டார். நடுவர் செய்த அநீதியை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் போட்டியாளரே தீர்க்க வேண்டியதாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1992-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில், நடுவர்கள் பொத்தானை அழுத்திப் புள்ளியிடும் கருவி கொண்டுவரப்பட்டது. பிறகு அம்முறையும் கைவிடப்பட்டது. கருவி மாறிற்றேயன்றி மனம் மாறவில்லை. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைகளில் முடிவுகளை வளைப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது என்று 2021-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. உலகக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2019-இல் நிறுத்திவைத்து, 2023-இல் முற்றிலும் நீக்கியது. அதே 2023-இல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து புதியதோர் உலக அமைப்பைத் தொடங்கின. பழைய சங்கத்துக்குப் பெயரும் கட்டடமும் எஞ்சின. அங்கத்தினரின் பற்று எஞ்சவில்லை.

விலகலும் குரலும்

பற்று எவ்வாறு குறைகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் தெளிவாக விளக்கினார். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதிலுள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலகிப் போய்விடுவது. மற்றொன்று, உள்ளே இருந்து குரல் எழுப்புவது. அமைப்பின்மீது பற்று உள்ளவர் உடனே விலகமாட்டார். திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு குரல் எழுப்புவார். ஆகவே, கூச்சலிடும் அங்கத்தினரைக் கண்டு நிர்வாகிகள் அஞ்சவேண்டியதில்லை. அவருக்கு இன்னும் பற்று இருக்கிறது. வாய்பேசாமல் எழுந்து போகிறவரைக் கண்டே அஞ்சவேண்டும்.

வாக்கின் மதிப்பு

விளையாட்டில் அநீதி நேர்ந்தால் ஒரு பதக்கம் போகும். அரசியலில் நேர்ந்தால் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வே பாழாகும். கூட்டுறவு இயக்கத்தின் தாயகமாகிய இங்கிலாந்தின் வரலாறே இதற்குச் சான்று.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய சாரம் என்னும் இடம் குடியிருப்போரே இல்லாத வெறும் மேடு. விரல்விட்டு எண்ணத்தக்க வாக்காளரைக் கொண்ட அவ்விடத்துக்குப் பார்லிமெண்டில் இரண்டு பிரதிநிதிகள் இருந்தனர். ஆயிரக்கணக்கான தறிகளும் ஆலைகளும் நிறைந்த மான்செஸ்டர் நகருக்கோ தனக்கென ஒரு பிரதிநிதியும் இல்லை. இம்முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று கோரி 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில் மாபெரும் மக்கள் கூட்டம் கூடியது. ராச்டேல் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நெசவாளர் பலர் குடும்பத்தோடு நடந்து வந்திருந்தனர். ஆயுதமற்ற அக்கூட்டத்தின்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. குறைந்தது 15 பேர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பழைய சாரத்தின் இடங்களை ஒழித்து மான்செஸ்டருக்கு இடம் அளித்தது. ஆனால் சொத்துள்ளவர்க்கே வாக்கு என்ற நிலை மாறவில்லை. போராடிய நெசவாளி வெளியிலேயே நின்றார். வயதுவந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமையும், மறைமுக வாக்குச்சீட்டும் வேண்டும் என்று "சார்ட்டிஸ்ட்" இயக்கத்தினர் மனுமேல் மனு அளித்தனர். 1842-ஆம் ஆண்டு மனுவில் கையொப்பமிட்டோர் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். பார்லிமெண்ட் அதைத் தள்ளிவிட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, அதே ராச்டேலில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதை நிறுவிய முன்னோடிகளில் நெசவாளர் பலர். சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் ஈடுபட்டோரும் இருந்தனர். நாட்டில் தமக்கு மறுக்கப்பட்ட நியாயத்தைத் தம் சங்கத்தில் அவர்கள் நிலைநாட்டினர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்பது அவர்கள் வகுத்த நெறி. இன்று நம் சங்கங்களின் துணை விதிகளில் ஒரு வரியாகக் காணப்படும் இவ்விதி, ஏதோ ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து எழுதியதன்று. வாக்கின்றி வாடிய நெசவாளிகள் கண்ட விடை.

வென்றவர் செய்யும் துரோகம்

இதுவரை கூறியவை, போட்டி முடியும்வரை நேரும் அநீதிகள். போட்டி முறையாகவே நடந்து, வென்றவர் பிறகு முறை தவறுவதும் உண்டு. இங்கே பற்றை முதலில் இழப்பவர் வாக்களித்தவர் அல்லர், வாக்குப் பெற்றவர்.

1967-ஆம் ஆண்டில் ஹரியானாச் சட்டசபை உறுப்பினர் கயா லால் என்பவர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்ற வழக்கு நாடெங்கும் பரவியது இதனால்தான். ராம் வந்தார், ராம் போனார் என்பது அதன் பொருள். இந்நோயைத் தடுக்க 1985-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம் கட்சித்தாவலுக்குத் தடை விதித்தது. ஒரு கட்சியின் உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் குற்றமில்லை என்று அதில் ஒரு சந்து விடப்பட்டிருந்தது. ஒருவர் தாவினால் குற்றம், பலர் சேர்ந்து தாவினால் குற்றமன்று என்ற அந்த விந்தையை 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது திருத்தம் நீக்கியது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. கட்சி மாறியவர் பதவி இழப்பாரா என்று முடிவு செய்பவர் சபாநாயகர். அவரும் பெரும்பாலும் ஒரு கட்சியின் சார்பில் வென்று வந்தவரே. மணிப்பூர் மாநிலத்து வழக்கொன்றில் 2020-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்றது. இவ்வதிகாரத்தைச் சுதந்திரமான நடுவர் மன்றம் ஒன்றிடம் ஒப்படைப்பது பற்றிப் பார்லிமெண்ட் சிந்திக்கவேண்டும் என்றும் கூறியது. சியோலின் பாடமே இங்கும் விளங்குகிறது. ஆட்டக்காரரின் சட்டையை அணிந்தவர் கையில் நடுவரின் ஊதுகுழல் இருத்தலாகாது.

உத்திரமேரூரின் நெறி

இத்தகைய அச்சங்கள் நம் முன்னோர்க்கும் இருந்தன. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் அனைவரும் காண, எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கண்காணிக்கும் வாரியங்கள் இவ்வாறே அமைந்தன. அவற்றின் காலம் 360 நாட்கள்.

சொந்த நிலமும் மனையும், வேதக் கல்வியும் உடையவரே அதில் இடம்பெறத் தக்கவர். நெசவாளிக்கும் உழவுத் தொழிலாளிக்கும் அங்கே இடமில்லை. ஹென்லியின் தடை அங்கும் இருந்தது. ஆதலின் அதனை முழுமையான குடியாட்சி என்று போற்றுவதற்கில்லை. ஆனால் அதில் ஒரு விதி இன்றும் ஒளிர்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. அண்மையில் வாரியத்தில் இருந்தவரும் மூன்று ஆண்டுகள் கழியும்வரை ஒதுங்கியிருத்தல் வேண்டும். ஒரே குடும்பத்தார் மாறி மாறிப் பதவியில் அமர்ந்து பழைய கணக்கை மூடும் தந்திரத்தை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர்!

நம் சங்கங்களில்

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். சங்கத்துக்குள்ளும் போட்டி உண்டு. நிர்வாகக் குழுத் தேர்தல் ஒன்றே போட்டி என்று எண்ணிவிடலாகாது. நல்ல கூலி தரும் சேலை ரகத்தின் பாவு யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதும் போட்டியே. சாயமிட்ட நூல் குறைவாக வரும் மாதத்தில் அது யார் தறிக்குப் போகும் என்பதும் போட்டியே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பயிரிடுவோரிடையே யாருக்கு வெட்டு உத்தரவு முதலில் வரும் என்பதும், பருத்தி எந்தத் தரத்தில் சேர்க்கப்படும் என்பதும் போட்டியே. தேர்தல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். இப்போட்டிகள் நாள்தோறும் நடக்கும். அங்கத்தினர் சங்கத்தை எடைபோடுவது இவற்றைக்கொண்டே.

சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவது பொருந்தும். ஒரு நெசவாளர் சங்கத்தில் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர், தவணை தப்பிய பாக்கி இருக்கிறது என்ற காரணத்தால் வாக்காளர் பட்டியலிலிருந்து அங்கத்தினர் சிலர் நீக்கப்பட்டனர். நீக்கப்பட்டவர் பாக்கிதாரர் என்பது புத்தகப்படி சரியே. ஆனால் அதே அளவு பாக்கியுள்ள வேறு சிலர், எதிர்க் கோஷ்டியினர் அல்லாதவர், பட்டியலில் அப்படியே இருந்தனர். நீக்கப்பட்டவர்க்கு முன்னறிவிப்பும் போகவில்லை. பாக்கியைச் செலுத்திப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

தோற்ற பக்கத்தார் தாவா தொடுத்தனர். விசாரணை நடந்து தீர்ப்பும் அவர்கட்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அது வருவதற்குள் நெடுங்காலம் சென்றுவிட்டது. அதற்குள் ஒவ்வொரு தறியாகத் தனி வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. மீண்டும் சங்கத்துக்கு வரலாமே என்று அவர்களுள் முதியவர் ஒருவரைக் கேட்டேன். "வியாபாரி கூலியைக் குறைத்துத்தான் கொடுக்கிறார் ஐயா. ஆனால் அவர் எனக்கு அந்நியர். அவரிடம் நான் நியாயம் எதிர்பார்க்கவில்லை. சங்கம் என்னுடையது என்று இருந்தேன்" என்றார். அந்நியர் ஏமாற்றினால் பணம் போகிறது. தன் சங்கம் ஏமாற்றினால் மனம் போகிறது. போன பணம் அடுத்த பண்டிகை விற்பனையில் திரும்பலாம்; போன மனத்தைத் திருப்ப எந்தத் தள்ளுபடி விற்பனையாலும் இயலாது.

அச்சங்கத்தின் ஏடுகளில் இந்த இழப்பு எந்த வரியிலும் காணப்படவில்லை. அங்கத்தினர் தொகை முன்போலவே இருந்தது. பங்குத் தொகையும் குறையவில்லை. உற்பத்திக் கணக்கு மட்டும் மாதாமாதம் மெலிந்துகொண்டே வந்தது. நூல் விலையும் சந்தை மந்தமும் காரணம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் எழுதி வைத்திருந்தது.

செய்யத்தக்கவை

இத்தகைய நோய் வராமல் காக்கப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. சில நடைமுறைகளே போதும்.

முதலாவது, வாக்காளர் பட்டியலைச் சங்க வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவைத்தல் வேண்டும். பெயர் நீக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, குறையைத் தீர்த்துக்கொள்ளத் தவணை தருதல் வேண்டும். ஒரு காரணத்தால் ஒருவர் நீக்கப்பட்டால், அதே காரணம் உள்ள அனைவருக்கும் அவ்விதி பொருந்தவேண்டும். தார்ப்புக்கு நேர்ந்தது நம் அங்கத்தினர் எவருக்கும் நேரலாகாது.

இரண்டாவது, பாவு வழங்கும் வரிசையும் வெட்டு உத்தரவு வரிசையும் பலகையில் எழுதப்படவேண்டும். வரிசை மாறினால் காரணமும் எழுதப்படவேண்டும். துணியில் பழுது கண்டு கூலி பிடிக்கும்போது, நெய்தவரை அருகில் வைத்துக்கொண்டு பழுதைச் சுட்டிக்காட்டிய பின்னரே பிடித்தல் வேண்டும். எடை போடும்போது எடைமேடையின் எண்ணை விளைவித்தவர் தம் கண்ணால் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, தகராறு எதில் எழுந்ததோ அதில் சம்பந்தமுடையவர் அதற்குத் தீர்ப்புக் கூறலாகாது. நிர்வாகக் குழுவினர் ஒருவரின் உறவினர்மீது புகார் வந்தால், அவர் அக்கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே செல்வதே மரபாகவேண்டும். காலத்தில் வராத தீர்ப்பால் பயன் சிறிதே. ஆதலின் சிறு தகராறுகளை அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிடவேண்டும்.

நான்காவது, வென்றவர்க்கு ஒரு கடமை உண்டு. பதவி ஏற்ற முதல் மாதத்திலேயே, தமக்கு எதிராக வாக்களித்தோர் தறிகளுக்கும் வயல்களுக்கும் சென்று வருதல் வேண்டும். அவர்களுக்குரிய நூலும் கடனும் ஒரு நாளும் தாமதமாகாது என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் காட்டவேண்டும். தோற்றவருக்கும் கடமை உண்டு. முறை தவறியிருந்தால் மகாசபையில் எழுந்து குரல் கொடுக்கவேண்டும். முறை தவறவில்லை எனில் தோல்வியை ஒப்புக்கொண்டு தறிக்குத் திரும்பவேண்டும். தோற்றபோதெல்லாம் அநீதி என்று கூவுபவர், உண்மையில் அநீதி நேரும் நாளில் நம்புவாரின்றித் தனித்து நிற்பார்.

அடுத்த மகாசபை கூடும்போது நிர்வாகிகள் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. சென்ற தேர்தலில் தோற்ற பக்கத்தார் வந்து கையொப்பமிட்டிருக்கிறார்களா? அவர்களுடைய தறிகளில் ஓடுவது சங்கத்தின் பாவுதானா? ஆம் எனில், அச்சங்கத்தில் வாதங்கள் எவ்வளவு இருப்பினும் கவலையில்லை. இல்லை எனில், இலாபக் கணக்கு எவ்வளவு பெரிதாயினும், அவர்கள் ஏன் வரவில்லை என்பதையே அக்கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துப் பேசுதல் தகும்.